நாய்க்கடிக்குப் பச்சிலை: எல்லோரும் பிழைத்துவிடுவதுதான் சிக்கல்

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காங்கயத்துக்குத் தெற்கே உங்கள் தோட்டத்தில் ராத்திரி ஆட்டுப்பட்டிக்குள் தெருநாய் புகுந்துவிட்டது. விரட்டப் போன அப்பாவைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டு ஓடிவிட்டது. ரத்தம் வந்திருக்கிறது. நாலு நாள் ஆகிறது. மூலனூர்ப் பக்கம் நாய்க்கடிக்கு மருந்து கொடுக்கும் ஒரு பெரியவரிடம் போய் மூன்று வேளை பச்சிலை சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். ஊசி வேண்டவே வேண்டாம் என்கிறார். "எங்கப்பாரு காலத்துல இருந்து அங்கதான் போறம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லை" என்பது அவர் சொல்லும் காரணம். பால் சொசைட்டியில் கணக்கு எழுதிய மனிதர், படித்தவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியிருந்தும் உண்மை ஏன் அவரிடம் எடுபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதற்கு நான் சொல்லும் பதிலைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். நாலு நாள் தாமதம் நல்லதல்ல, ஆனால் வாய்ப்பு கைவிட்டுப் போய்விடவில்லை. கிளம்பும் முன் காயத்தில் அப்பியிருக்கும் மஞ்சள், சுண்ணாம்பு எதுவானாலும் போகும்படி சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ரத்தம் வந்த கடி, டாக்டர்கள் பிரிக்கும் மூன்று வகைகளில் கடுமையானதான மூன்றாம் வகையில் சேரும். அதற்கு வெறும் தடுப்பூசி போதாது, காயத்துக்குள்ளேயும் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் செலுத்த வேண்டும். அது சிறிய சுகாதார நிலையத்தில் சில சமயம் இருக்காது. இல்லையென்றால் தாராபுரமோ திருப்பூரோ பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போய்விடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்ப வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. நான் இந்த வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். கடித்த நாய், கடிபட்ட மாடு, கடிபட்ட மனிதர் மூவரையும் ஒரே வாசலில் பார்க்கும் வேலை அது. அதில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. பச்சிலையை நம்புகிறவர் முட்டாள் இல்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் நம்புகிறார். கண்ட கணக்கு சரியானதுதான். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் ஆளைக் கொல்கிறது.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஊரில் கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறி கிடையாது. குட்டி போட்டிருக்கும், பயந்திருக்கும், சாப்பாட்டுக்குக் குறுக்கே போயிருப்போம், கடித்திருக்கும். வெறிநாயே கடித்தாலும், கடி காலில், அதுவும் வேட்டிக்கு மேலே பட்டிருந்தால், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே நோய் வராமல் தப்பிப்பவர்கள் கணிசமாக உண்டு. ஆக அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணைக்கு நூறு பேர் போனால், அநேகமாக நூறு பேரும் பிழைப்பார்கள். அவர் பச்சிலைக்குப் பதிலாக வெறும் மோரைக் கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். ஆனால் கொடுத்தது பச்சிலை, ஆகவே பிழைக்க வைத்தது பச்சிலை. மூன்று தலைமுறையாக இப்படிச் சேர்ந்த சாட்சிகளை நீங்கள் கைபேசியில் காட்டும் ஒரு செய்தி அசைத்துவிடுமா?

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4.8 லட்சம். ரேபிஸ் என்ற இந்த வெறிநோயால் இறந்தவர்கள் நாற்பதுக்குச் சற்று மேல். ஊசி போட்டதால் தப்பியவர்களும் அந்த 4.8 லட்சத்துக்குள் இருக்கிறார்கள், போடாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காதவர்களும் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று தனித்தனியாக யாராலும் சொல்ல முடியாது. பச்சிலையின் தோல்வி மட்டும் மறைந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம், ஊசியின் வெற்றியும் மறைந்துதான் இருக்கிறது. ஊசி போட்டவர் வீட்டில் "இது இல்லாட்டிச் செத்திருப்பேன்" என்று யாரும் சொல்வதில்லை. "நாலு தடவை அலைய விட்டாங்க" என்றுதான் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் அடியில் நோயின் போக்கே ஒரு காரணமாக இருக்கிறது. ரேபிஸ் கிருமி பாம்பு விஷத்தைப் போல ரத்தத்தில் ஏறுவதில்லை. கடித்த இடத்துத் தசையில் தங்கி, அங்குள்ள நரம்புக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே மெல்ல மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடமும் ஆகலாம். முகத்திலோ கையிலோ கடித்தால் வழி குறுகல், சீக்கிரம் வரும். இந்த இடைவெளிதான் தடுப்பூசிக்கு வாழ்வு. 1885 ஜூலையில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், நாய் கடித்து இரண்டு நாள் கழித்து வந்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு ஊசி போட்டுப் பிழைக்க வைத்ததும் இந்த இடைவெளியை நம்பித்தான். மற்ற பல நோய்களுக்கு நோய்க்கிருமி உள்ளே போன பிறகு தடுப்பூசி போட்டுப் பயனில்லை, இதற்கு உண்டு.

அதே இடைவெளிதான் பச்சிலைக்கும் வாழ்வு. மாசியில் கடி, மாசியிலேயே மருந்து, வைகாசி வரை ஆள் நன்றாக இருக்கிறார். "பார், ஒன்றும் ஆகவில்லை" என்று ஊரே சொல்லி முடித்த பிறகுதான் கடித்த இடத்தில் ஊறலெடுக்கிறது, காய்ச்சல் வருகிறது, தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுகிறது. அதற்குப் பிறகு மருத்துவத்தால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. உலகம் முழுவதிலும் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அப்போதும் பழி மருந்தின் மேல் விழுவதில்லை. ஏனென்றால் மருந்தோடு பத்தியமும் கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டு நாள் கறி, மீன், நல்லெண்ணெய் கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. நம் ஊரில் நாற்பத்தெட்டு நாளில் ஒரு கிடா வெட்டோ ஒரு விருந்தோ வராமல் இருக்குமா? எங்கேயாவது ஒரு நாள் தவறியிருப்பார். "பத்தியம் முறிஞ்சு போச்சுங்க, மருந்து என்ன பண்ணும்" என்று செத்தவர் மேலேயே குற்றம் போய்விடும். பிழைத்தால் மருந்தால், செத்தால் பத்தியம் தவறியதால். எந்தப் பக்கம் விழுந்தாலும் நம்பிக்கை ஜெயிக்கிற மாதிரி அமைந்த ஏற்பாடு இது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. காலப்போக்கில், எந்த நம்பிக்கை இப்படி அமைந்ததோ அதுதான் மிஞ்சியிருக்கிறது.

அப்பா ஊசி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி." இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள், ஒரு காலத்தில் இது முழு உண்மை. டேவிட் செம்பிள் என்பவர் இமாச்சல மலையூரான கசௌலியில் இருந்தபோது 1911இல் உருவாக்கிய முறைப்படி, கிருமி ஏற்றப்பட்ட ஆட்டின் மூளையிலிருந்து தடுப்பூசி தயாரித்தார்கள். மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்திலும் பல காலம் மூளைத் திசு மருந்துதான் தயாரானது. அதை நாள்தோறும் வயிற்றில் போட வேண்டும். பத்து, பதினாலு என்று போகும். ஊசி போட்ட இடம் வீங்கும், வலிக்கும். மூளைத் திசு கலந்த மருந்து என்பதால் சிலருக்குப் பக்கவாதம் வரைக்கும் போனதுண்டு. அதைப் பார்த்த தலைமுறை பயந்ததில் ஒரு தப்பும் இல்லை.

இந்தியாவில் 2004 இறுதியோடு அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவது செல் வளர்ப்பு முறையில் தயாராகும் தடுப்பூசி. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளின் மேற்புறத்திலும் தோலுக்குள் பக்கத்துக்கு 0.1 மில்லி போடுவார்கள். கொசு கடித்த மாதிரி ஒரு சின்னப் புடைப்பு எழும்பும், அவ்வளவுதான். முதல் ஊசி போடும் நாள் (அதை 0 என்று வைத்து எண்ண வேண்டும்), பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நாலு தடவை. தனியாரிடம் தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து. பத்தியம் கிடையாது. கறி தாராளமாகச் சாப்பிடலாம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்கும்கூடப் போடலாம். மருந்து மாறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, பயம் மட்டும் பழைய மருந்தின் மேலேயே நிற்கிறது. கோயமுத்தூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகள்கூட என்னிடம் "வயித்துலயா அங்கிள்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பிறக்கும்போதே அந்த ஊசி முடியும் தறுவாயில் இருந்தது.

என் அனுபவத்தில் முழுப் பொய்யை விட இந்த மாதிரிக் காலாவதியான உண்மையை அகற்றுவதுதான் கஷ்டம். அதற்கு நேரில் கண்ட சாட்சி இருக்கும், உடம்பில் பட்ட வலியும் இருக்கும்.

பாதி உண்மைகளும் உண்டு. "நாய் தண்ணி குடிக்குதுங்க டாக்டரே, அப்புறம் எப்படி வெறி இருக்கும்?" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நோய் வந்த மனிதர் தண்ணீரைக் கண்டு அஞ்சுவது உண்மை. நாய்க்கு அந்த அச்சமே கிடையாது. வெறி பிடித்த நாய் தண்ணீர்த் தொட்டிக்கு வரும், குடிக்க முயலும், குட்டையில் இறங்கிக் கடந்தும் போகும். எல்லா வெறிநாயும் நாக்கைத் தொங்கப் போட்டு ஓடி ஓடிக் கடிக்கும் என்பதும் சரியில்லை. ஊமை வெறி என்று ஒன்று இருக்கிறது. நாய் இருட்டு மூலையில் சுருண்டு கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும். பாவம், உடம்பு சரியில்லை என்று வீட்டுக் குழந்தை பக்கத்தில் போய்ச் சோறு ஊட்டும்.

பத்து நாள் கணக்கும் அப்படித்தான். கடித்த நாய் பத்து நாளைக்குப் பிறகும் நல்லபடியாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்பது சரியான விஷயம். அதை நம் மக்கள், பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் ஊசி போடலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசி தேவையா என்பதை டாக்டர் சொல்வார். உங்கள் விஷயத்தில் நாய் ஓடியே போய்விட்டது, கவனிக்க ஒன்றுமில்லை.

மாட்டு விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயம் எப்படித் தப்பான இடத்தில் போய் உட்காருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பசு தீனி தின்னவில்லை, வாயில் நுரை தள்ளுகிறது, குரல் கம்மிப்போய் அடிவயிற்றிலிருந்து கத்துகிறது. தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்து, வீட்டுக்காரர் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு வாய்க்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு நின்றார். மணிக்கட்டெல்லாம் எச்சில். விரல்களில் சோளத்தட்டு அறுத்த கீறல்கள். நான் பார்த்ததுமே சந்தேகப்பட்டேன். இரண்டு மாதம் முன்னால் ஒரு நாய் அந்தப் பசுவின் மூக்கைக் கடித்தது என்பதை அவர் மனைவி அப்புறம்தான் சொன்னார். மாடு மூன்றாம் நாள் செத்தது.

அடுத்த நாள் காலையில் அந்தத் தெருவே சுகாதார நிலையத்தில் நின்றது. அத்தனை பேரும் அந்த மாட்டுப் பாலைக் காப்பியில் குடித்தவர்கள். காய்ச்சிய பாலால் ரேபிஸ் வராது, வெப்பத்தில் கிருமி செத்துவிடும். அவர்களுக்கு ஊசியே தேவையில்லை. கையை உள்ளே விட்ட மனிதர் மட்டும் வரவில்லை. "எனக்குத்தான் கடியே இல்லையே" என்று தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நானும் அவர் தங்கச்சி மாப்பிள்ளையும் போய் வண்டியில் உட்கார வைத்துத்தான் கூட்டிப் போனோம். கடித்தால்தான் வரும் என்பது அவர் நம்பிக்கை. எச்சில் பட்ட கீறலே போதும் என்பதை அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. ஆகவே ஆடு மாடு வைத்திருப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நுரை தள்ளும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடாதீர்கள்.

எல்லாவற்றையும் நம்பிக்கையின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவருக்கு நாலு தடவை ஊசி என்றால் நாலு நாள் சம்பளம் போகிறது. பச்சிலை ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்கும். பெரியவர் திண்ணையில் உட்கார வைத்து, எங்கே கடித்தது, என்ன நிற நாய் என்று பொறுமையாகக் கேட்பார். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, "நாலு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று திட்டும் வாங்க வேண்டியிருக்கிறது. வைத்தியம் பார்ப்பவர்களுக்கு இதை நான் மனதாரச் சொல்கிறேன். தாமதமாக வந்தவரைத் திட்டினால், அவர் 3ஆம் நாள் ஊசிக்கு வர மாட்டார். உண்மை நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக மரியாதை குறைவாகப் பேச உரிமை கிடையாது.

சரி, அப்பாவிடம் எப்படிப் பேசுவது? பச்சிலை பொய் என்று தொடங்காதீர்கள். அப்படிச் சொன்னால் அவர் அப்பாருவையும் அந்தப் பெரியவரையும் காப்பாற்றுவதற்காகவே ஊசியை மறுப்பார். "மருந்து சாப்பிட்டாச்சு, அது இருக்கட்டும்பா. ஊசியும் போட்டுக்கலாம். காயத்துல மட்டும் இனி ஒண்ணும் தடவ வேண்டாம்" என்று கேளுங்கள். உள்ளே போன இலை தடுப்பூசியைக் கெடுக்காது. காயத்தில் அப்பும் எருக்கம்பால், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்புதான் கெடுதல். அவை புண்ணை ரணமாக்கும். அதைவிட, காயத்தில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி, கழுவுவதையே தடுத்துவிடும். சோப்பு அந்தக் கிருமியின் மேலுறையைக் கரைத்துவிடும். கடித்த உடனே கழுவுவதே பாதிச் சிகிச்சை. அதைத் தடுக்கும் எந்தப் பழக்கத்தோடும் என்னால் சமரசம் செய்துகொள்ள முடியாது.

அப்பா அப்போதும் மசியவில்லை என்றால், மருந்து கொடுத்த பெரியவரையே பேசச் சொல்லுங்கள். இது நடக்காத காரியமில்லை. தாராபுரம் வட்டாரத்தில் இப்படி மருந்து கொடுக்கும் ஒருவரிடம் நான் பல முறை உட்கார்ந்து பேசியிருக்கிறேன். காசு வாங்காதவர், பரம்பரைக் கடமையாக நினைத்துச் செய்பவர். தன் மருந்து பலிக்காது என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. "உங்ககிட்ட வர்றவங்க ஒருத்தர்கூடச் சாகக் கூடாது, அவ்வளவுதானுங்க நமக்கு வேணும்" என்றேன். பிற்பாடு வாசல் குழாயடியில் சோப்பு வைத்தார். காலைக் கழுவிவிட்டு, ஊசி போட்ட சீட்டையும் கொண்டு வந்தால்தான் இலை அரைப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எத்தனையோ கூட்டங்களில் நான் பேசியதை விட, அவர் திண்ணையில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம். டாக்டர் சொன்னால் ஒரு கருத்து. அவர் சொன்னால் அது முறை.

28ஆம் நாள் ஊசிதான் பலருக்குத் தவறிப் போகிறது. காயம் ஆறிவிட்டது, இனி எதற்கு என்று தோன்றும். முதல் ஊசி போட்ட தேதியிலிருந்து எண்ணி இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள். சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எப்போதாவது மறுபடியும் கடி பட்டால், முழுசாகப் போட்டவருக்கு முதல் நாளும் 3ஆம் நாளும் போட்டால் போதும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது.

இன்னொன்று. நீங்கள் கேள்வியில் ஆடுகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்த நாய் பட்டிக்குள் புகுந்தது என்றால் ஆடுகளையும் கடித்திருக்கும். கடிபட்ட ஆடுகளைத் தனியாகக் கட்டுங்கள். கால்நடை மருந்தகத்தில் சொன்னால் அவற்றுக்கும் கடிக்குப் பிந்தைய ஊசி போடுவார்கள், அதையும் நாள் தவறாமல் போட வேண்டும். விடிந்ததும் அந்த ஆடுகளின் காயத்தைக் கழுவி மருந்து போட்டது யார்? அம்மாவா, பட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளா? நாயின் எச்சில் ஈரத்தோடு இருந்த ஆட்டு ரோமத்தை வெறுங்கையால் தொட்டிருந்து, கையில் கீறலும் இருந்தால், அப்பாவோடு அவர்களையும் அதே வண்டியில் அழைத்துப் போய் டாக்டரிடம் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.